ஃபர்ஸ்ட் இயர் பையனை இறக்கலாமா?

கேள்வி ஒண்ணு வந்தது. ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னால நாற்பது வருஷக் கிரிக்கெட் கதை இருக்கு. அதை எழுதாம தூக்கம் வரல. நீண்ட இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

விழுப்புரத்தில் நான் பார்க்கிற ஓ.பி.க்கு திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மூணு பசங்க வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஒருத்தன் கிரிக்கெட் டீம் கேப்டன். ஒருத்தன் கீப்பர். மூணாவது ஒரு பொடியன், ஓரமா நின்னான். கீப்பருக்கு வலது கை மோதிர விரல் நுனி மட்டும் தொங்குது. பந்து நேரா விரல் நுனியில் வந்து குத்தியிருக்கு.

இதுக்கு மாலெட் ஃபிங்கர்னு பேரு. விரல் நுனியை நிமிர்த்திப் பிடிக்கிற தசைநாண் அறுந்து போயிடும். இல்லைன்னா ஒரு சின்ன எலும்புச் சில்லோட பிச்சுக்கிட்டு வந்துடும். பல பேருக்கு வலி பெருசா இருக்காது. அதுதான் இதில் சிக்கலே. வலி இல்லைன்னதும் பசங்க அதை மதிக்க மாட்டாங்க. ஆறிலிருந்து எட்டு வாரம் அந்த நுனி மூட்டை நிமிர்த்தியே வச்சு ஸ்பிளின்ட் போடணும். நடுவுல ஒரே ஒரு தடவை மடக்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

பையன் ஃபைனல் இயர். டோர்னமென்ட் அடுத்த வாரம். "டேப் சுத்திக்கிட்டு ஆடிடறேன் சார்"னு கெஞ்சினான். கேப்டன் அவனுக்கு மேல. "எக்ஸ்ட்ரா கீப்பர்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான் சார். ஃபர்ஸ்ட் இயர். டீமுக்கு ஒரு மேட்ச் கூட ஆடினதில்ல. இவனை நம்பி எப்படி சார் இறக்குறது?" பொடியன் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான்.

கவனிச்சீங்களா? கேப்டன் கணக்கில் இது அனுபவசாலியா, கத்துக்குட்டியாங்கிற போட்டி. என் மேஜையிலிருந்து பார்த்தா இது விரல் உடைஞ்ச சீனியரா, விரல் நல்லா இருக்கிற ஜூனியரான்னு போட்டி. பெரும்பாலான டீம்களில் எக்ஸ்ட்ரா பிளேயருக்கு முதல் வாய்ப்பு இப்படித்தான் வருது. யாராவது ஒருத்தருக்கு அடிபட்டா மட்டும்.

சரி, இப்ப வரலாற்றுக்கு வருவோம்.

2000-ம் ஆண்டு மே மாசம், டாக்காவில் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்குக் கீப்பர் சபா கரீம். கும்ப்ளே போட்ட பந்து ஒண்ணு பேட்ஸ்மேன் காலில் பட்டு எகிறி, கரீமோட வலது கண்ணில் அடிச்சுது. முகத்தில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்பின்னுக்குக் கீப்பர் ஹெல்மெட் போடறது வழக்கமும் இல்லை. அதே வருஷம் நவம்பரில் அதே டாக்காவில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். அத்தோடு முடிஞ்சது. (2012-ல் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சருக்கும் இதே கதை. இம்ரான் தாஹிர் பந்தில் ஸ்டம்ப் மேல இருந்த பெயில் தெறிச்சுக் கண்ணில் பட்டது. அன்னிக்கே கிரிக்கெட் முடிஞ்சது. கீப்பிங் பண்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தா, ஸ்பின்னுக்கும் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்க. இதை இடையில் சொல்லாம நகர முடியாது, மன்னிக்கணும்.)

மோங்கியா காலம் மங்கினதிலிருந்து தோனி வர்ற வரைக்கும் அந்த இடத்தில் எத்தனை பேர் நின்னாங்கன்னு எண்ணிப் பாருங்க. எம்.எஸ்.கே. பிரசாத், சபா கரீம், விஜய் தஹியா, நடுவில் மறுபடி மோங்கியா, சமீர் திகே, தீப் தாஸ்குப்தா, அஜய் ரத்ரா, பார்த்திவ் படேல், தினேஷ் கார்த்திக். ஆறு வருஷத்துக்குள்ள. நம்ம பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் மாறுற மாதிரி.

இதில் ரத்ராவைப் பாருங்க. 2002 மே, ஆன்டிகுவா. 20 வயசில் ஆட்டமிழக்காம 115. டெஸ்ட்டில் சதம் அடிச்ச மிக இளைய கீப்பர்னு பேர் எடுத்தார். அடுத்து இங்கிலாந்து டூர். லார்ட்ஸில் ஒரு டெஸ்ட் ஆடினார். பிறகு காயம். மொத்தம் 6 டெஸ்ட். அதுக்கப்புறம் அவருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

ரத்ரா இடத்தில் இறக்கப்பட்ட பையன்தான் நம்ம கதையின் நாயகன். பார்த்திவ் படேல். 2002 ஆகஸ்ட் 8, டிரென்ட் பிரிட்ஜ். வயசு 17, மேல ஒரு அஞ்சு மாசம். டெஸ்ட் வரலாற்றிலேயே மிக இளைய கீப்பர். இடது கையில் சுண்டு விரலின் ஒரு பகுதி கிடையாது. சின்ன வயசில் கதவிடுக்கில் போனது. கீப்பருக்கு விரல்தானே மூலதனம்! அதைவிட ஆச்சரியம், அன்னிக்கு வரைக்கும் அவர் ஒரு ரஞ்சி மேட்ச் கூட ஆடினதில்லை. நம்ம கேப்டன் பாஷையில் சொன்னா, காலேஜ் டீமுக்கே ஆடாதவனை நேரா யுனிவர்சிட்டி டீமுக்கு இறக்கின மாதிரி.

முதல் இன்னிங்ஸ் டக் அவுட். கடைசி நாள் இந்தியா மேட்சைக் காப்பாத்தப் போராடுது. டிராவிட் 115, சச்சின் 92, கங்குலி 99. அவங்களும் போனபிறகு இந்தப் பையன் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு ஆட்டமிழக்காம 19 எடுத்தார். டிரா. ஊரே கொண்டாடிச்சு.

இங்கேயே கதையை நிறுத்தினா, "பாத்தீங்களா, இளங்கன்று பயமறியாது, இறக்கி விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். வாட்ஸப்பில் சுத்துற ஊக்கக் கதையெல்லாம் இந்த இடத்தில்தான் நிக்கும். மேல படிங்க.

ரெண்டு வருஷம் அவர்தான் கீப்பர். பேட்டிங் பரவாயில்லை. ஆனா கும்ப்ளே, ஹர்பஜன் மாதிரி ஸ்பின்னர்களுக்கு ஸ்டம்ப்பை ஒட்டி நின்னு பிடிக்கிற வேலையை உலகமே பார்க்க, டெஸ்ட் மேட்சில்தான் கத்துக்க வேண்டியிருந்தது. கேட்ச் தவறிச்சு. ஸ்டம்பிங் தவறிச்சு. கொண்டாடின அதே ஊர் திட்ட ஆரம்பிச்சுது. 2004 கடைசியில் ஆஸ்திரேலியத் தொடரின் நடுவிலேயே வெளியே வந்தார். அப்ப அவருக்கு 19 வயசு. நம்ம ஊரில் அது செகண்ட் இயர் படிக்கிற வயசு.

அந்த மாசமே என்ன செஞ்சார் தெரியுமா? குஜராத்துக்காக முதல் ரஞ்சி மேட்ச் ஆடினார். டெஸ்ட் ஆடி ரெண்டு வருஷம் கழிச்சு ரஞ்சி! படிக்கட்டைத் தலைகீழா இறங்கி வந்து, முதல் படியிலிருந்து ஏற ஆரம்பிச்சார். 2008-ல் கொழும்பில் ஒரு டெஸ்ட். பிறகு எட்டு வருஷம் எதுவும் இல்லை. தோனி இருக்கிறப்ப என்ன செய்ய முடியும்? 2016 நவம்பரில் சாஹாவுக்குக் காயம். மொஹாலிக்குக் கூப்பிட்டாங்க. நடுவில் இந்தியா ஆடி முடிச்சிருந்த டெஸ்ட்டுகள் 83. போனவர் 42-ம், ஆட்டமிழக்காம 67-ம் எடுத்தார். அடுத்த சில வாரத்தில் இந்தூரில் ரஞ்சி ஃபைனல். மும்பைக்கு எதிரா நாலாவது இன்னிங்ஸில் 143. குஜராத்துக்கு முதல் ரஞ்சிக் கோப்பை, கேப்டன் அவரே.

17 வயசில் இறக்கினது சரியா தப்பா? எனக்குக் கேட்டா, இறக்கினது தப்பில்லை. ஒரு மேட்ச் காப்பாத்தின பையனை ரெண்டு வருஷம் மாத்து இல்லாம ஓட விட்டு, களைச்சதும் ஓரங்கட்டினாங்க பாருங்க, அதுதான் தப்பு. அவருக்குக் கீழ குஜராத்னு ஒரு திண்ணை இருந்தது. விழுந்தவர் அதில் உக்காந்து மூச்சு வாங்கினார்.

இப்ப நம்ம சென்னைப் பையன் கதை. இது கொஞ்சம் மனசைப் பிசையும்.

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். சிவா. 1981-82 ரஞ்சி சீசன், 16 வயசு. டெல்லிக்கு எதிரான காலிறுதியில் 28 ரன் கொடுத்து 7 விக்கெட். லெக் ஸ்பின், கூக்ளி. 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் டெஸ்ட் அறிமுகம், 17 வயசு. அன்னிக்கு இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர் அவர்தான். (சச்சின் வந்தது ஆறு வருஷம் கழிச்சு.) எதிரில் லாயிட் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ். விக்கெட் விழலை.

1984 நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரா மறுபடி வாய்ப்பு. 64-க்கு 6, 117-க்கு 6. ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட். இந்தியா ஜெயிச்சுது. அடுத்த டெஸ்ட் டெல்லியில், 99-க்கு 6. 1985 மார்ச்சில் மெல்போர்ன் ஃபைனலில் மியான்தாத் ஸ்டம்பிங் ஆன காட்சி அந்தத் தலைமுறைக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கும். ஸ்டம்பிங் செஞ்சது சதானந்த் விஸ்வநாத். அவரும் அப்ப சின்னப் பையன்தான்.

பிறகு விக்கெட் வரத்து குறைஞ்சது. 1986 ஜனவரி 2-ம் தேதி சிட்னியில் ஆரம்பிச்ச டெஸ்ட்தான் அவருடைய கடைசி டெஸ்ட். அவர் பிறந்தநாள் டிசம்பர் 31. அதாவது 20 வயசு முடிஞ்சு மூணாம் நாள். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். 1987 உலகக் கோப்பையோடு ஒருநாள் ஆட்டமும் முடிஞ்சது. மத்த லெக் ஸ்பின்னர்கள் தொழிலைக் கத்துக்க ஆரம்பிக்கிற வயசில் இவர் 'முன்னாள் வீரர்' ஆயிட்டார்.

என்ன ஆச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நேரில் பார்க்காத ஆளுக்கு டயக்னோசிஸ் எழுதற பழக்கம் எனக்கில்லை. ஒண்ணு மட்டும் பதிவாகியிருக்கு. தோல் நிறத்துக்காக வாழ்நாள் முழுக்க, அதுவும் சொந்த நாட்டிலேயே, பாகுபாடு பார்க்கப்பட்டதா 2021-ல் ட்விட்டரில் அவரே எழுதினார். 17 வயசுப் பையனை டெஸ்ட் மேட்சுக்கு அனுப்பற டீம், அந்த வயசுக்குத் துணையா யாரை அனுப்பிச்சுது? அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, யாராவது கிண்டல் பண்றாங்களான்னு கேட்க ஒரு ஆள் இருந்தாரா? ஸ்கோர்கார்டில் இதுக்குக் கட்டம் கிடையாது.

இங்க எங்க தொழிலைக் கொஞ்சம் சொல்றேன்.

முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-ல் ஆரம்பிச்சது. திருச்சி ரோட்டில் நடக்கிற விபத்துகள் அங்கதான் வந்து சேரும்னு இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இந்த மாதிரி எந்த ஆஸ்பத்திரியாகட்டும், ராத்திரி உங்க காயத்துக்குத் தையல் போடுற கை பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் கையா இருக்கும். போன மாசம் வரைக்கும் மாணவன். "இவனைத் தையல் போட விடலாமா"ன்னு மருத்துவத் துறை விவாதம் நடத்தறதில்லை. விட்டாத்தான் அடுத்த தலைமுறைக்கு டாக்டர் கிடைக்கும். அதனால நாங்க கேட்கிற கேள்வி வேற. பக்கத்தில் யார் நிக்கிறா? கை நடுங்கினா ஊசியை யார் வாங்கிக்குவா? முதல் தடவை பார்க்கிறது, ரெண்டாவது தடவை கூடச் செய்யறது, மூணாவது தடவைதான் தானா. முகத்தில் காயம்னா சீனியர். முழங்காலில் காயம்னா ஜூனியர். நாளைக்குத் தையல் சரியில்லைன்னா திட்டு வாங்கறவரும் சீனியர்தான், அதுவும் ஜூனியர் முன்னாடி இல்லை.

அந்தக் கேப்டனுக்கு நான் சொன்ன ரெண்டு வரி இதுதான்: "இவனை இறக்குப்பா. ஆனா ஒரு மேட்சுக்கு இல்ல, இந்த டோர்னமென்ட் முழுக்க இவன்தான்னு இப்பவே அவன் காதுபட சொல்லிடு." ஒரு கேட்ச் விட்டதும் மாத்திடுவாங்கன்னு தெரிஞ்சா எந்தப் பையனும் பந்தைப் பார்க்க மாட்டான். பெவிலியனைத்தான் பார்ப்பான்.

திண்ணைன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு இன்னொரு உதாரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பால் ஆடிக்கிட்டு இருந்தவர். சென்னைக்கு வந்து லீக்கில் நாலாவது டிவிஷனிலிருந்து ஏறினார். 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிரா முதல் ரஞ்சி மேட்ச். அந்த மேட்சிலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியதுன்னு ரிப்போர்ட் ஆயிடுச்சு. முதல் நாள் வேலைக்குப் போனவனை முதல் நாளே அனுப்பின மாதிரி. கையை மாத்தி, ஆக்‌ஷனை மாத்தி, 2016-ல் டி.என்.பி.எல். வழியா திரும்பி வந்தார். லீக்னு ஒண்ணு, டி.என்.பி.எல்.னு ஒண்ணு, ஜெயப்பிரகாஷ்னு ஒரு அண்ணன், இத்தனையும் கீழ இருந்ததால முழுசா விழலை.

2021 ஜனவரி, பிரிஸ்பேன். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி எல்லாருக்கும் காயம். நெட்டில் பந்து போடத் தங்க வச்சிருந்த நடராஜனையும் 21 வயசு வாஷிங்டன் சுந்தரையும் டெஸ்ட்டில் இறக்கினாங்க. ரெண்டு தமிழ்நாட்டுப் பையன்கள், ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி. முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூணு விக்கெட். 186-க்கு 6 விழுந்து தள்ளாடினப்ப வாஷிங்டனும் ஷர்துலும் சேர்ந்து 123 ரன். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோத்தே இராத மைதானத்தில் 328-ஐத் துரத்தி ஜெயிச்சாங்க. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமா போயிடறேன்.

நடராஜனுக்கு அதுக்கப்புறம் முழங்கால் ஆபரேஷன், இன்னொரு டெஸ்ட் கிடைக்கலை. ஊருக்குப் போய் மைதானம் கட்டினார். 2023-ல் அதைத் திறந்து வச்சது தினேஷ் கார்த்திக். பார்த்திவ் இடத்தில் வந்து, தோனிக்கு இடம் விட்டு, நடுவில் 87 டெஸ்ட் வெளியே இருந்து, 2018-ல் திரும்பி வந்தவர். பெஞ்சின் சுகதுக்கம் அவரைவிட யாருக்குத் தெரியும்?

விழுப்புரம், திண்டிவனம் பசங்களுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. சென்னைப் பையனுக்கு ஒரு லீக் மேட்ச் சொதப்பினா அடுத்த ஞாயிறு இன்னொண்ணு. இவங்க நல்ல மட்டத்தில் ஆடணும்னா விடியக்காலை ரயில் பிடிச்சு சென்னைக்குப் போகணும். கிடைக்கிற மேட்ச் எண்ணிக்கை குறைவு. அதனால கேப்டன் பயப்படறான், ஒவ்வொரு மேட்சும் ஃபைனல் மாதிரி. ஃபர்ஸ்ட் இயர் பையன் மூணு வருஷம் தண்ணி பாட்டில் தூக்கிட்டு, சர்டிஃபிகேட் வாங்கிட்டு வீட்டுக்குப் போறான்.

இன்னொரு ஆள் மிச்சம். விரலில் ஸ்பிளின்ட்டோட உக்காந்திருக்கிற ஃபைனல் இயர் கீப்பர். அவனுக்கு என்ன வழி? இதுக்கு அமெரிக்கா போகணும்.

அங்க காலேஜ் ஃபுட்பால் பெரிய திருவிழா. அதில் குவார்ட்டர்பேக்னு ஒரு இடம். நம்ம கீப்பர் மாதிரி, ஒருத்தருக்கு மட்டும்தான் இடம், மத்தவர் பெஞ்ச். அங்கேயும் இந்த வாதம் ரொம்பப் பழசு. 1972 வரைக்கும் பெரிய கல்லூரிகளில் ஃபர்ஸ்ட் இயர் பையன் மெயின் டீமில் ஆடவே பொதுவா அனுமதி இல்லை. முதல்ல படிப்பில் கால் ஊன்றட்டும்னு வாதம். 2018-ல் இன்னொரு விதி வந்தது. நாலு மேட்ச் வரைக்கும் ஆடிக்கலாம், அவனுடைய நாலு வருஷக் கணக்கில் அந்த சீசன் கழியாது. தோத்தாலும் நஷ்டமில்லாத நாலு வாய்ப்பு. நம்ம கல்லூரிகள் இதை அப்படியே திருடலாம்.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல். அலபாமா பாதி ஆட்டத்தில் 0-13. அவங்க குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், ஆரம்பத்திலிருந்து ஆடின 27 மேட்சில் தோத்தது ரெண்டே ரெண்டு. கோச் நிக் சாபன் அவரை உக்கார வச்சுட்டு, டுவா டகோவைலோவான்னு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் எறிஞ்ச பந்தை இன்னொரு ஃபர்ஸ்ட் இயர் பையன் பிடிச்சான். 26-23.

(இதே டுவா புரொஃபஷனல் ஆன பிறகு, 2022 செப்டம்பரில் ஒரு மேட்சில் அடிபட்டுத் தள்ளாடினார். தள்ளாடினவரை மறுபடி ஆட விட்டாங்க. நாலே நாளில் அடுத்த மேட்ச். ஸ்ட்ரெச்சரில் தூக்கிட்டுப் போனாங்க. அடுத்த மாசம் விதியை மாத்தினாங்க, தள்ளாட்டம் தெரிஞ்சா அன்னிக்கு ஆட்டமே கிடையாதுன்னு. "டேப் சுத்திக்கிட்டு ஆடிடறேன் சார்" எங்க போய் முடியும்னு தெரிஞ்சுக்கணும்னா இதைப் படிச்சா போதும்.)

ஃபைனலில் உக்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ், அந்த ராத்திரி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அந்தப் பையனைக் கட்டிப்பிடிச்சார். அடுத்த சீசனில் டுவாதான் மெயின். ஹர்ட்ஸ் கோவிச்சுக்கிட்டு வேற கல்லூரிக்குப் போயிருக்கலாம். போகலை. எக்ஸ்ட்ராவா உக்காந்தார். 2018 டிசம்பர் 1, அதே அட்லாண்டா ஸ்டேடியம், எதிரில் அதே ஜார்ஜியா. அலபாமா பின்தங்கியிருக்கிறப்ப டுவாவுக்குக் கணுக்காலில் அடி. ஹர்ட்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உள்ள போனார். 35-28.

அடுத்த வருஷம் ஓக்லஹோமா. 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா சூப்பர் பௌல் ஜெயிச்சப்ப ஆட்டநாயகன் விருது வாங்கினவரும் இந்த ஜேலன் ஹர்ட்ஸ்தான்.